கொண்டைக்கு ஒரு விலை, கறிக்கு ஒரு விலை

உலகெங்கும் இன்று கறிக்கடைகளுக்குப் போகும் பிராய்லர் கோழிகளில் மிகப் பெரும்பகுதி, விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்கள் தம் கைக்குள் வைத்திருக்கும் சில கலப்பு வழிகளிலிருந்தே வருகிறது. அந்த வழிகளின் தந்தைப் பக்கத்தில் கார்னிஷ் என்னும் இங்கிலாந்து இனமும், தாய்ப் பக்கத்தில் பிளைமவுத் ராக் என்னும் அமெரிக்க இனத்தின் வெள்ளை வகையும் நிற்கின்றன. கார்னிஷின் முன்னோரைத் தேடிப் போனால், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கிருந்த சண்டைக்கோழிகளோடு கலக்கப்பட்ட இந்திய அசில் சேவலில் அது சென்று சேர்கிறது. ஆறேழு வாரத்தில் அறுப்புக்குத் தயாராகும் பறவையின் தாய் தந்தை இருவழியும் ஒரு காலத்தில் முற்றத்தில் மேய்ந்து, கண்காட்சிக் கூண்டில் நின்று பரிசு வாங்கிய இனங்களே. வாரிசு உலகை ஆள, பெற்ற இனங்கள் அருகிப்போனது எவ்வாறு என்பதும், அவற்றை மீட்க முனைந்தவர்கள் கண்காட்சியையும் சந்தையையும் எப்படிக் கையாண்டார்கள் என்பதும், கிளிமூக்குச் சேவலுக்கு லட்சங்களில் விலை பேசப்படும் தமிழ்நாட்டுக்கும் வேண்டிய செய்திகள்.

மரபினக் கோழி என்ற பெயர் வணிகப் பலகைகளில் மலிந்துவிட்டதால், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலிருந்து இயங்கும் லைவ்ஸ்டாக் கன்சர்வன்சி என்னும் கால்நடை இனப் பாதுகாப்பு அமைப்பு 2009இல் அதற்கு ஒரு வரையறை வகுத்தது. இனம் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முன்பே அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கத்தின் தரநூலில் இடம்பெற்றிருக்க வேண்டும். சேவலும் பெட்டையும் மனிதர் துணையின்றித் தாமாகவே இணைசேர வேண்டும். பெட்டை 5 முதல் 7 ஆண்டும், சேவல் 3 முதல் 5 ஆண்டும் இனப்பெருக்கத்துக்கு உதவும் வகையில் வெளியில் மேய்ந்து வாழும் திறன் இருக்க வேண்டும். விற்பனை எடையை 16 வாரத்துக்கு முன் எட்டாத மெதுவான வளர்ச்சி இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை முதல் பார்வையில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் எலும்பும் இதயமும் நுரையீரலும் முதிர்வதற்கு முன் தசை பெருத்துவிட்டால் பறவை நெடுநாள் வாழாது என்பதால், மெதுவான வளர்ச்சி என்பது இங்கே குறைபாடாக அன்றி உடல்நலத்தின் அளவுகோலாகவே கொள்ளப்படுகிறது.

தரநூல் என்பது ஓர் இனத்தின் உடலமைப்பு, எடை, கொண்டை, கால் நிறம், இறகின் கோலம் ஆகிய ஒவ்வொன்றும் எப்படி இருக்க வேண்டும் என்று எழுத்தில் வரையறுத்து, மதிப்பெண் பங்கிட்டுத் தரும் நூல். அதற்கான தேவை ஒரு பித்தத்திலிருந்து பிறந்தது. 1842இல் நான்கிங் உடன்படிக்கைக்குப் பின் சீனத் துறைமுகங்கள் ஐரோப்பியருக்குத் திறக்கப்பட்டதும், அங்கிருந்து வந்த பெருத்த உடலும் இறகு மூடிய காலும் கொண்ட கோழிகள் விக்டோரியா அரசியின் பண்ணைக்குள் நுழைந்தன; இங்கிலாந்தில் சேவல் சண்டை 1835ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த வேளையில், சேவலைச் சண்டைக்கு விட்டுப் பழகிய கைகள் அழகுக்குக் கூண்டிலேற்றத் தொடங்கின. 1849 நவம்பரில் பாஸ்டன் பொதுப் பூங்காவில் நடந்த கண்காட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகள் நிறுத்தப்பட்டன. அதையடுத்து ஒரு சோடிக் கோழிக்குக் குதிரை விலை கேட்கும் காலம் வந்தது. கோழிகளை அரசிக்கே அன்பளிப்பாக அனுப்பி அந்த விளம்பரத்தில் காசு பார்த்த ஜார்ஜ் பர்ன்ஹாம் என்ற அமெரிக்க வணிகர், சந்தை சரிந்த பிறகு 1855இல் 'கோழிக் காய்ச்சலின் வரலாறு' என்ற பொருளில் தலைப்பிட்டு, வாங்கியவர்களின் ஏமாளித்தனத்தை எள்ளி ஒரு நூலே எழுதினார்.

அந்தச் சரிவின் காரணம் எளியது. வாங்கியவர்கள் எல்லாரும் குஞ்சு பொரித்து விற்க நினைத்தவர்கள். உண்ண நினைத்து வாங்கியவர் எவருமில்லை. வளர்ப்போர் வளர்ப்போருக்கே விற்கும் சந்தையில் கடைசியாக நுழைந்தவர் கையில் பறவை மட்டும் மிஞ்சும். 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமு வளர்ப்பில் முதலிட்டுத் தவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பித்தம் தணிந்த பிறகே ஒழுங்கு வந்தது. இங்கிலாந்தில் 1865இல் வில்லியம் டெகெட்மையர் பதிப்பித்த தரநூலும், 1873இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் அடுத்த ஆண்டே வெளியிட்ட தரநூலும், வணிகர் தம் வாய்க்கு வந்த பெயரை வைத்து எந்தக் கோழியையும் விற்கும் வழக்கத்துக்குக் கடிவாளமிட்டன. டெகெட்மையர் டார்வினுக்குக் கோழி பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்தவர். வீட்டுக்கோழி அனைத்துக்கும் செங்காட்டுக்கோழி ஒன்றே மூதாதை என்று டார்வின் கொண்ட முடிவு பெரிதும் சரியானதே என்றாலும், மஞ்சள் காலுக்குக் காரணமான மரபணு இந்தியத் தீபகற்பக் காடுகளுக்கே உரிய சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. தரநூல் மஞ்சள் காலைக் கட்டாயமாக்கியுள்ள பிளைமவுத் ராக் போன்ற அமெரிக்க இனங்கள், அந்த வகையில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கொஞ்சம் கடன்பட்டவை.

கூண்டில் நிற்கும் பறவை

அமெரிக்கக் கண்காட்சிகளில் ஒவ்வோர் இனமும் நிறவகையும் நான்கு பிரிவுகளில் போட்டியிடுகின்றன: ஓராண்டு கடந்த சேவல், ஓராண்டு கடந்த பெட்டை, அதற்கு இளைய சேவல், இன்னும் ஓராண்டு நிறையாத வெடை. பறவையைக் கண்காட்சிக்கு ஆயத்தப்படுத்துவது பொறுமையான வேலை. சில வாரங்களுக்கு முன்பே தனிக்கூண்டில் அடைத்து, அன்றாடம் கையில் எடுத்து இறக்கிப் பழக்காவிட்டால், நடுவர் கூண்டைத் திறந்ததும் அது மூலையில் ஒடுங்கி, உடலின் கோட்டையே மறைத்துவிடும். இரண்டு மூன்று நாள் முன்னதாக வெதுவெதுப்பான சோப்பு நீரில் முக்கி, இறகின் போக்கிலேயே தடவிக் கழுவி, வினிகர் கலந்த நீரில் அலசி, கதகதப்பான இடத்தில் உலர்த்துகிறார்கள். கால் செதில்களில் படிந்த அழுக்கைப் பல்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணெய் பூசுகிறார்கள். உரிமம் பெற்ற நடுவர் பறவையைத் தலை முன்னே வருமாறு வெளியே எடுத்து, நெஞ்செலும்பு நேராக இருக்கிறதா என்று விரலால் உணர்ந்து, இறக்கையை விரித்து இறகுகளை நோக்கி, கொண்டை முனைகளை எண்ணுகிறார். ஒற்றைக் கொண்டையின் பக்கவாட்டில் ஒரு சிறு முளை கிளைத்திருந்தாலோ, இறகற்ற காலுடைய இனத்தில் செதில்களுக்கிடையே ஒரு குறுந்தூவி தெரிந்தாலோ, மற்ற அனைத்தும் எவ்வளவு சிறந்திருந்தாலும் தகுதி போய்விடும்.

இத்தனை கண்டிப்புக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதை வரியிட்ட பிளைமவுத் ராக் இனத்தில் தெளிவாகக் காணலாம். அதன் ஒவ்வோர் இறகிலும் கருமையும் வெண்மையும் மாறி மாறிக் குறுக்கே ஓடும் வரிகள், சம அகலத்தில், நேராக, நுனியில் கரும்பட்டையோடு முடிய வேண்டும் என்பது விதி. அவ்வரியை உண்டாக்கும் மரபணு பாலின நிறப்புரியில் அமைந்துள்ளது. சேவலுக்கு அத்தகைய நிறப்புரி இரண்டு, பெட்டைக்கு ஒன்றே என்பதால், வரி மரபணுவை இரட்டையாகப் பெற்ற சேவல் இயல்பாகவே வெளிறித் தோன்றும். இரண்டும் ஒரே நிறச்சாயலில் தெரிய வேண்டும் என்று தரநூல் எதிர்பார்த்த காலத்தில், போட்டியாளர்கள் ஓர் இனத்துக்குள் இரண்டு வழிகளைத் தனித்தனியே வளர்த்தார்கள்: ஒரு வழியில் பிறக்கும் சேவல் பரிசுக்கு ஏற்றது, அதன் உடன்பிறந்த பெட்டை மிகக் கருமையானது, மறுவழியில் பெட்டை பரிசுக்கு ஏற்றது, சேவல் மிக வெளிறியது. இரட்டை இணைச்சேர்க்கை என்று அழைக்கப்பட்ட இம்முறையில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி பிறக்கும்போதே கூண்டுக்கு உதவாதவை. போதாக்குறைக்கு, வரி கூர்மையாக அமைய வேண்டுமானால் இறகு மெதுவாக முளைக்க வேண்டும் என்பதைக் கண்டுகொண்ட வளர்ப்போர், மெதுவாக இறகு முளைக்கும் பறவைகளையே தலைமுறைதோறும் தேர்ந்தார்கள். விரைவில் இறகு மூடி வளர வேண்டிய பண்ணைக்கோழிக்கு இது நேர் எதிர்.

வெண்முகக் கறுப்பு ஸ்பானியக் கோழிக்கு நேர்ந்தது இன்னும் மோசம். கன்னத்திலிருந்து காதுமடல் வரை தொங்கும் வெள்ளைத் தோலே அதன் பெருமை; அந்த வெண்மை விரிய விரியப் பரிசுகள் குவிந்தன, நல்ல முட்டைக்கோழி என்று பெயரெடுத்திருந்த இனமோ நோய் தாங்கும் வலுவை இழந்து பண்ணைகளிலிருந்து மறைந்தது. கண்காட்சி ஓர் இனத்தின் தோற்றத்தைக் காப்பாற்றும் என்பது உண்மை, அத்தோற்றத்துக்குள் இருந்த பயனை நடுவரின் கண்ணுக்குத் தெரியாமல் வடித்துவிடவும் கூடும் என்பதும் அதே அளவு உண்மை.

நாளைய கோழி

மறுபக்கம் சந்தை மட்டும் நடுவராக அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1948ஆம் ஆண்டு விடை தந்தது. ஏ அண்ட் பி என்ற பெரும் மளிகைக் கடை நிறுவனம் அமெரிக்க வேளாண் துறையின் துணையோடு 1946 முதல் நடத்திய 'நாளைய கோழி' என்னும் போட்டியின் தேசிய இறுதிச்சுற்று, அவ்வாண்டு டெலவேர் மாநிலத்தின் ஜார்ஜ்டவுனில் நடந்தது. போட்டியாளர்கள் பறவைகளை அனுப்பவில்லை, முட்டைகளை அனுப்பினார்கள். அவை ஒரே நிலைமையில் பொரிக்கப்பட்டு, ஒரே தீவனத்தில் வளர்க்கப்பட்டு, அறுக்கப்பட்டு, இறகு நீக்கிய உடலாகவே மதிப்பிடப்பட்டன. அகன்ற நெஞ்சும் தடித்த தொடையும் கொண்ட மெழுகுப் பொம்மை ஒன்று இலக்குருவமாக முன்வைக்கப்பட்டது. கலிபோர்னியாவின் சார்ல்ஸ் வான்ட்ரெஸ் செங்கார்னிஷையும் நியூ ஹாம்ப்ஷயர் இனத்தையும் கலந்து உருவாக்கிய கோழி முதலிடம் பெற்றது. தூய இனங்களில் கனெக்டிகட்டின் சாக்லியோ குடும்பத்தார் வளர்த்த வெள்ளை பிளைமவுத் ராக் முன்னணியில் நின்றது. பிற்காலத்தில் இந்த இரு போக்குகளும் ஒன்றிணைந்ததே இன்றைய பிராய்லர்.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978 ஆகிய ஆண்டுகளின் வழிகளை மாற்றமின்றிப் பேணி வந்ததால், 2014இல் வெளியான ஆய்வொன்றில் அவற்றை 2005ஆம் ஆண்டின் வணிகக் கோழியோடு அருகருகே, ஒரே தீவனத்தில் வளர்த்துப் பார்க்க முடிந்தது. 56ஆம் நாளில் 1957இன் கோழி 905 கிராம், 1978இன் கோழி 1,808 கிராம், 2005இன் கோழி 4,202 கிராம் எடையிருந்தது. இந்த எண்களுக்கு முன் எந்த மரபினமும் விலையில் போட்டியிட முடியாது. மேலும் பிராய்லர் கலப்பினம் என்பதால் அதன் குஞ்சுகள் தாயைப் போல் அமையா. உழவர் ஒவ்வொரு முறையும் நிறுவனத்திடமே குஞ்சு வாங்க வேண்டும். வீட்டு முற்றத்திலேயே தேர்ந்து, பொரித்து, விற்று வந்த சிறு வளர்ப்போரின் தொழில் ஒரு தலைமுறைக்குள் பொழுதுபோக்காகச் சுருங்கியது. இனங்கள் பிழைத்திருந்தது கண்காட்சிக் கூண்டுகளின் புண்ணியத்தால் மட்டுமே.

மீட்பு முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது பக்கை இனத்தின் கதை. ஓஹையோ மாநிலத்தின் வாரன் நகரில் நெட்டி மெட்காஃப் என்ற பெண்மணி 1890களில் உருவாக்கி, 1904இல் தரநூலில் ஏற்கப்பட்ட இந்தச் செம்பழுப்புக் கோழி, பெண் ஒருவர் உருவாக்கியதாகப் பதிவான ஒரே அமெரிக்க இனம். அதன் கொண்டை தலையோடு ஒட்டிய சிறு பட்டாணிக் கொண்டை என்பதால் கடுங்குளிரில் உறைந்து கருகுவதில்லை. 2005 முதல் கன்சர்வன்சி அமைப்பு இதை எடுத்துக்கொண்டபோது, நிறத்தைப் பார்க்கும் முன் எடைத்தராசையும் விரல்களையும் கையில் எடுத்தது. பறவையின் மண்டை அகலம், நெஞ்சுக்கூட்டின் ஆழம், முதுகின் பரப்பு, இடுப்பெலும்பின் இரு முனைகளுக்கிடையே எத்தனை விரல் நுழைகிறது என்பவை குறித்துவைக்கப்பட்டன. முட்டையிடும் பெட்டைக்கு அந்த இடைவெளி விரிந்திருக்கும் என்பது பழைய வளர்ப்போர் அறிந்த கணக்கு. கறிக்கும் முட்டைக்கும் தேறியவற்றுள் நிறமும் கொண்டையும் நன்றாக இருப்பவை பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டன. சில தலைமுறைகளிலேயே எடையும் வளர்ச்சியும் கூடின. புதுக் குருதி எதுவும் வெளியிலிருந்து வரவில்லை. தேர்வின் வரிசை மட்டுமே மாறியிருந்தது.

விற்பனையில் இந்த வரிசையே பணமாகிறது. அமெரிக்க அஞ்சல் துறை 1918 முதல் ஒருநாள் குஞ்சுகளைப் பொட்டலமாக எடுத்துச் செல்கிறது. பொரிப்பதற்குச் சற்று முன் வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள்கரு ஏறத்தாழ மூன்று நாள் வரை குஞ்சைத் தாங்கும் என்பதே அதற்கு அடிப்படை. பெரும் பொரிப்பகங்கள் இவ்வழியில் மலிவாக விற்கும் குஞ்சுகள் இனப்பெயரைத் தாங்கியிருந்தாலும், எண்ணிக்கைக்காகப் பெருக்கப்பட்டவையாதலால் பெரும்பாலும் தரநூல் எடையை எட்டுவதில்லை. தேர்ந்த வளர்ப்போர் பொரிமுட்டையாகவோ, ஒரு சேவலும் இரு பெட்டைகளும் கொண்ட மூவர் தொகுதியாகவோ அதிக விலைக்கு விற்கிறார்கள். ஆயினும் வளர்ப்போரின் உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. நல்ல வளர்ப்பாளர் பொரிக்கும் குஞ்சுகளில் இனத்துக்கு வைத்துக்கொள்வது சிறு பங்கே, மற்றவை கழிவு. அந்தக் கழிவு கறியாக நியாயமான விலைக்குப் போனால் அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் பொரித்து இன்னும் கண்டிப்பாகத் தேர்வார். போகாவிட்டால் தீவனச் செலவுக்கு அஞ்சிக் குறைவாகப் பொரித்து, இருப்பதில் சுமாரானதையும் வைத்துக்கொள்வார், அங்கேதான் இனம் கெடத் தொடங்கும். பிராய்லரைவிட இரு மடங்குக்கு மேற்பட்ட நாள் வளர்த்த கோழியை அறுத்துத் தர ஆலைகள் ஆர்வம் காட்டுவதில்லை என்பதால், பலர் ஆண்டுக்கு 1,000 பறவை வரை சொந்தப் பண்ணையிலேயே அறுத்து விற்க அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் தரும் விலக்கையே நம்பியுள்ளனர்.

பிரான்சு இந்த முடிச்சை எப்போதோ அவிழ்த்துவிட்டது. பிரெஸ் வட்டாரத்தின் வெண்ணிறக் கோழிக்கு, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே இடப்பெயர்க் காப்பு கிடைத்தது. அவ்வட்டாரத்தில் பிறந்து, புல்வெளியில் மேய்ந்து, தானியமும் பாலும் உண்டு வளர்ந்த கோழியைத் தவிர வேறெதையும் அப்பெயரில் விற்க முடியாது. 1862 முதல் நடந்துவரும் அவர்களது போட்டியில், டிசம்பர் மாதத்தில், பறவைகள் உயிரோடு நிறுத்தப்படுவதில்லை. இறகு நீக்கிய உடலை வெள்ளைத் துணியில் இறுகச் சுற்றித் தைத்து, கொழுப்பு சீராகப் படியுமாறு வைத்து, பின் பிரித்து மேசையில் அடுக்குகிறார்கள். கழுத்தில் விட்டுவைத்த ஒரு வளையம் இறகே இனத்துக்குச் சான்று. நடுவர் பார்ப்பதும் சமையற்காரர் வாங்குவதும் ஒன்றாகவே இருப்பதால், அங்கே கொண்டைக்கும் கறிக்கும் வழக்கு எழுவதில்லை. இந்தியாவில் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரக் கடக்நாத் கருங்கோழிக் கறிக்கு 2018இல் கிடைத்த புவிசார் குறியீடு இதே வழியில் வைத்த அடி.

கிளிமூக்கும் பெருவிடையும்

சண்டையிட்டு மடிந்த சேவலுக்கு விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்தில் நடுகல் நட்ட நாட்டில் அசிலுக்கு அறிமுகம் வேண்டியதில்லை. சேவல்களைச் சண்டைக்குத் தூண்டுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்; சேவல்கட்டு வழக்குகளாலும் தடைகளாலும் ஒடுங்கிய இடங்களில், இங்கிலாந்தில் 1835க்குப் பின் நடந்ததைப் போலவே, கண்காட்சி தலையெடுத்தது. திண்டுக்கல் முதலிய ஊர்களில் நடக்கும் கண்காட்சிகளில் நிறுத்தப்படும், அசில் வழியைச் சேர்ந்த கிளிமூக்கு விசிறிவால் சேவல்கள், கிளியைப் போல் குட்டையாகத் தடித்து வளைந்த அலகுக்கும், தரையைத் தொடுமளவுக்கு நீண்டு விரிந்த வாலுக்கும், தலையோடு படிந்த சிறு கொண்டைக்கும், நிமிர்ந்து நிற்கும் தோரணைக்கும் பெயர் பெற்றவை. மயில், காகம், கீரி என்று இறகு நிறத்துக்கேற்ப வழங்கும் பெயர்களை இளைஞர்கள் பள்ளிப் பாடத்தைவிடச் சரளமாகச் சொல்கிறார்கள். அமெரிக்கத் தரநூல் 1981இலேயே அசிலுக்கு இடம் தந்தது. விசிறிவாலுக்கோ எது நல்ல வால், எது கூடாத அலகு என்பது இன்றுவரை மூத்த வளர்ப்போரின் கண்ணிலும் பேச்சிலும்தான் பெரிதும் இருக்கிறது.

வளர்ப்பு முறை பெரிதும் புறக்கடை வளர்ப்பே. ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு அடைக்கு உட்காரும் பெட்டையை, மணலோ உமியோ பரப்பிய கூடையில் அமர்த்தி, இடி இடித்தால் கரு கூழாகிவிடும் என்ற நம்பிக்கையில் ஓர் இரும்புத் துண்டையும் இரண்டு அடுப்புக்கரியையும் ஓரத்தில் போட்டுவைப்பது இன்றும் பல வீடுகளில் உண்டு. 21ஆம் நாள் பொரித்த குஞ்சுகளைக் காகமும் கீரியும் அண்டாமல் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதும், வெள்ளைக்கழிச்சலுக்கு எதிராக ஏழாம் நாளை ஒட்டிச் சொட்டுமருந்தும் எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவதும் தவறினால், லட்ச ரூபாய்ச் சேவலின் வாரிசும் பத்து ரூபாய்க் குஞ்சும் ஒரே இரவில் சமமாகிவிடும்.

விலைதான் சிக்கலான இடம். ஒரே ஈட்டில் பொரித்த சேவல்களில் அலகு வளைந்ததை லட்சத்தில் கேட்கிறார்கள், அலகு நீண்டதைக் கிலோ கணக்கில் கேட்கிறார்கள். அந்தக் கிலோ விலையும் நாட்டுக்கோழி என்ற பொதுப்பெயரின் கீழ் வருவது. அதே பெயரில் வனராஜா, கிரிராஜா போன்ற ஆய்வு நிலையக் கலப்புகளும், அசில் கலப்பென்று சொல்லப்படும் பண்ணைக்கோழிகளும் சந்தையில் நிற்பதால், எட்டு மாதம் மேய்ந்த, பெருவிடை எனப்படும் பேருடல் கொண்ட உண்மையான நாட்டுச் சேவலுக்கு அதன் தீவனச் செலவுகூடத் திரும்புவதில்லை. சிறுவிடை, பெருவிடை என்று வாங்குபவர் பெயர் சொல்லிக் கேட்கும் பழக்கம் அண்மையில் வளர்ந்து வருவதை இங்கே ஒரு நல்ல குறியாகக் கொள்ளலாம். விசிறிவாலை வாங்குபவர்களோ பெரும்பாலும் விசிறிவாலை வளர்ப்பவர்களே. அலகை மேலும் வளைக்கவும் வாலை மேலும் நீட்டவும் தந்தையை மகளோடும் உடன்பிறப்புகளை ஒன்றோடொன்றும் இணைக்கும்போது, முட்டை பொரிக்காமல் போவதும் குஞ்சு வலுவிழப்பதும் உடனே கூண்டில் தெரிவதில்லை.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகத்தின் பதிவேட்டில் அசிலின் பிறப்பிடமாகக் குறிக்கப்பட்டிருப்பவை சத்தீஸ்கர், ஒடிசா, ஆந்திரப் பிரதேசம். தமிழ்நாட்டின் விசிறிவாலைத் தனி இனமாகவோ வகையாகவோ அங்கே கொண்டுசேர்க்க விரும்புவோர் நிரப்ப வேண்டிய விவரங்களில் எந்த வயதில் எவ்வளவு எடை, முதல் முட்டை எத்தனையாவது நாள், ஆண்டுக்கு எத்தனை முட்டை, அவற்றில் எத்தனை பொரிக்கின்றன என்பவை அடங்கும். அந்த எண்கள் ஒவ்வொரு வளர்ப்போர் வீட்டிலும் ஒரு தராசும் ஒரு பதிவேடும் இருந்தால் கிடைத்துவிடக்கூடியவை. கண்காட்சி நடத்துவோர் நுழைவுச் சீட்டோடு அந்தப் பதிவேட்டின் ஒரு பக்கத்தையும் கேட்கத் தொடங்கினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் சேர்ந்துவிடும்.